பொருத்திய ஸ்டெம் செல்கள் மூளையோடு இணைந்தனவா? எலி மூளையில் படிப்படியாகப் பார்க்கும் முறை

மனித ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த டோபமைன் முன்னோடிச் செல்களை (டோபமைன் சுரக்கும் நியூரான்களாக முதிர வேண்டியவை), பார்க்கின்சன் நோய் போன்ற நிலையை உண்டாக்கிய எலியின் மூளையில் பொருத்தி, அவை அங்கே இணைந்தனவா என்று பார்க்கும் வேலைக்கான வழிகாட்டி இது. மற்ற நோய் மாதிரிகளிலும் வேலையின் வரிசை ஏறக்குறைய இதுதான். பொருத்தும் இடமும், பார்க்கும் குறிப்பான்களும் (செல்லின் வகையைக் காட்டிக்கொடுக்கும் புரதங்கள்) தான் மாறும்.

பொருத்திய செல் திரளை 'ஒட்டு' என்றே சொல்கிறேன். ஒட்டு மாங்கன்றில் தளிர் பச்சையாக நிற்பதை வைத்தே 'ஒட்டு பிடித்துவிட்டது' என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்ல மாட்டார். நாம் மட்டும் நுண்ணோக்கியில், செல்லுக்கு அடையாளமாக வைத்த பச்சை ஒளி தெரிந்ததும் 'இணைந்துவிட்டது' என்று எழுதிவிடுகிறோம். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

1. எலியைத் தொடும் முன் கேள்வியைப் பிரியுங்கள்

'இணைந்ததா' என்பதற்குள் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. செல் உயிரோடு இருக்கிறதா? நாம் விரும்பிய வகை நியூரானாக மாறியதா? அதன் நார்கள் எலியின் திசுவுக்குள் போயினவா? எலியின் நியூரான்கள் அதற்குச் செய்தி அனுப்புகின்றனவா? எலியின் நடத்தை அந்த ஒட்டை நம்பி இருக்கிறதா? இந்த வரிசையிலேயே விடை தேடுங்கள். முதல் கேள்விக்கு விடை 'இல்லை' என்றால் மற்ற நான்குக்கும் வேலை இல்லை.

ஒவ்வொரு கேள்விக்கும் மூளையை வேறு விதமாகக் கையாள வேண்டும். பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திய மூளையில் மின்பதிவு எடுக்க முடியாது. மின்பதிவுக்காக உயிரோடு சீவிய மூளையில் செல்களை ஒழுங்காக எண்ண முடியாது. இணைப்புகளைத் தேட (10ஆம் பகுதி) ரேபிஸ் வைரஸ் செலுத்திய எலி ஒரு வாரம் பத்து நாளில் முடிந்துவிடும். அதனால் எந்த எலி, எந்த வாரம், எந்த முடிவு என்று மூன்று கட்டம் போட்டு முதல் நாளே எழுதி வையுங்கள்.

நான் பார்த்த ஒரு மாணவர் எல்லா எலிகளையும் ஆறு மாதம் வளர்த்து, ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பதப்படுத்திவிட்டார். படங்கள் அழகாக வந்தன. 'இந்தச் செல்களுக்கு உள்ளீடு வருகிறதா?' என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது கையில் உயிரோடு ஓர் எலிகூட இல்லை. மறுபடி ஆறு மாதம்.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். புண் (டோபமைன் நியூரான்களை நஞ்சால் அழிப்பது, 4ஆம் பகுதி) சரியாக விழாதவை, அறுவையில் போகிறவை, ஒட்டே பிடிக்காதவை என்று உதிர்ந்துகொண்டே வரும். கடைசியில் தேவைப்படும் எண்ணிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

2. அனுமதிகளை ஒன்றாகக் கிளப்புங்கள்

இந்தியாவில் செய்வதானால் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு, ஸ்டெம் செல் ஆய்வுக் குழு, மரபுமாற்ற வைரஸ் இருப்பதால் உயிரிப் பாதுகாப்புக் குழு என மூன்று இடத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். மனித ஸ்டெம் செல் வேலைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல் இருக்கிறது. விண்ணப்பம் எழுதும் முன் அதைப் படித்துவிடுங்கள். உங்கள் சோதனை எந்தப் பிரிவில் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் குழு கேட்கும் கேள்விகளும் மாறும்.

பலர் மறப்பது ஆம்ஃபெட்டமின். புண் சரியாக விழுந்ததா என்று பார்க்கும் சுழற்சிச் சோதனைக்கு அது வேண்டும். ஆனால் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்குத் தனி உரிமம், தனிப் பதிவேடு. புண் போட்ட பிறகு இதற்கு அலைந்தால் எலிகளுக்கு வயதாகிவிடும்.

3. எலியும் எதிர்ப்பாற்றலும்

மனிதச் செல்லைச் சாதாரண எலிக்குள் வைத்தால் அதன் உடல் தள்ளிவிடும். இரண்டு வழிகள் உண்டு: எதிர்ப்புச் செல்களை முதிரவைக்கும் தைமஸ் சுரப்பி இல்லாத 'நியூட்' எலியை வாங்குவது, அல்லது சாதாரண எலிக்குத் தினமும் எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின் ஊசி போடுவது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்பது வழக்கம். பொருத்துவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும்.

ஆறு மாத வேலைக்கு நியூட் எலிதான் என் தேர்வு. விலை அதிகம், கூண்டுச் சுத்தம் அதிகம். ஆனால் சைக்ளோஸ்போரின் ஞாயிற்றுக்கிழமையும் பொங்கலும் பார்க்காது. ஒரு நீண்ட விடுமுறையில் ஊசி தவறிய எலிகளில் பிறகு நாங்கள் பார்த்தது ஒட்டு இருந்த இடத்தில் ஒரு தழும்பும், அதைச் சுற்றி மொய்த்திருந்த மைக்ரோகிளியாவும் (மூளையின் எதிர்ப்புச் செல்கள்) தான்.

சுண்டெலியில் செய்கிறவர்கள் இப்போதே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மனித நியூக்ளியஸைக் காட்டும் பிரபலமான ஆன்டிபாடிகள் பல சுண்டெலியில் உண்டாக்கியவை. சுண்டெலித் திசுவில் அவற்றைப் போட்டால் முதல் ஆன்டிபாடியைப் பிடித்து ஒளிர வேண்டிய இரண்டாம் ஆன்டிபாடி, சுண்டெலியின் சொந்த இம்யூனோகுளோபுலினையும் (ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி) பிடித்துக்கொள்ளும். ஊசி போன பாதையில் ரத்தம் கசிந்திருக்கும் என்பதால் ஒட்டு இருக்கும் அதே இடத்தில்தான் இந்தப் பொய் ஒளி அதிகம். முயலில் உண்டாக்கிய ஆன்டிபாடி கிடைத்தால் அதை வாங்குங்கள்.

4. புண் போடுவதும் சரிபார்ப்பதும்

6-ஹைட்ராக்சிடோபமைனை ஒரு பக்க நடு முன்மூளைக் கற்றையில் செலுத்தினால் அந்தப் பக்க டோபமைன் நியூரான்கள் அழியும். இந்த நஞ்சு காற்றுப்பட்டால் கெட்டுவிடும். அஸ்கார்பிக் அமிலம் கலந்த உப்புநீரில் கரைத்து, பனிக்கட்டியில், வெளிச்சம் படாமல் வையுங்கள். கரைசல் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறினால் கொட்டிவிடுங்கள். 'இன்னும் இரண்டு எலிதானே' என்று அதையே போட்டால் அந்த இரண்டும் அரைகுறைப் புண்ணோடு உங்கள் தரவுக்குள் உட்கார்ந்திருக்கும்.

சில வாரம் கழித்து ஆம்ஃபெட்டமின் கொடுத்துச் சுழற்சியை எண்ண வேண்டும். நல்ல பக்கத்தில் டோபமைன் பீறிடுவதால் எலி புண் பக்கமாகச் சுற்றும். நிமிடத்துக்கு நிகரமாக 6 சுற்றுக்குக் குறைவான எலியை நான் சேர்ப்பதில்லை. அரைப் புண்ணில் எலியின் சொந்த டோபமைன் நார்கள் மிஞ்சியிருக்கும். பிறகு ஸ்டிரையேட்டத்தில் (டோபமைன் நார்கள் போய்ச் சேரும், நாம் ஒட்டு வைக்கும் பகுதி) தெரியும் நார் ஒட்டினுடையதா, எலியினுடையதா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

சுழற்சி எண்ணிக்கையின் அடிப்படையில் எலிகளை எல்லாக் குழுக்களுக்கும் சமமாகப் பங்கிடுங்கள். கூண்டு வரிசைப்படி பங்கிடக் கூடாது.

5. செல்களும் அவற்றின் அடையாளமும்

நடுமூளை டோபமைன் செல்லை உருவாக்க சானிக் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை வழித்தடத்தையும், சி.எச்.ஐ.ஆர். 99021 என்ற மருந்து மூலம் விண்ட் வழித்தடத்தையும் தூண்டுகிறோம். பின்னதன் அளவு கொஞ்சம் குறைந்தால் செல்கள் முன்மூளைப் பக்கம் போய்விடும், கூடினால் பின்மூளைப் பக்கம். பின்மூளைக்குப் போனவற்றில் செரோடோனின் நியூரான்கள் வரும். அதனால் செல் வரிசை மாறினாலோ மருந்தின் புட்டி மாறினாலோ அளவை மறுபடி சோதித்துப் பாருங்கள்.

16ஆம் நாள் வாக்கில் பொருத்துகிறோம் என்றால் அன்றே மாதிரி எடுத்து நடுமூளை முன்னோடிக் குறிப்பான்களான ஃபாக்ஸ்-ஏ2, எல்.எம்.எக்ஸ்.1ஏ இரண்டும் ஒரே செல்லில் இருக்கின்றனவா, ஆக்ட்-4 அறவே இல்லையா என்று பார்க்க வேண்டும். ஆக்ட்-4 மிச்சமிருந்தால் முதிராத ஸ்டெம் செல் இருக்கிறது என்று பொருள். அது மூளைக்குள் கட்டியாக வளரும்.

அடையாளத்துக்கு ஒளிரும் புரத மரபணுவைச் செல்லுக்குள் வைப்பார்கள். வைரஸ் மூலம் கண்ட இடத்தில் நுழைந்த மரபணு, செல் நியூரானாக மாறும்போது அடங்கிப் போவதுண்டு. அப்போது ஒட்டுச் செல்லே எலிச் செல் போலத் தெரியும். மனிதக் குரோமோசோமில் ஏ.ஏ.வி.எஸ்.1 போன்ற பாதுகாப்பான இடத்தில் மரபணுவைச் செருகிய செல் வரிசை இந்தத் தலைவலியைக் குறைக்கும். எப்படி இருந்தாலும் ஒளிரும் புரதத்தை மட்டும் நம்ப வேண்டாம். காரணம் 9ஆம் பகுதியில்.

6. பொருத்தும் நாள்

எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை நடந்தது இது. ஒரே நாளில் பத்து எலிகளுக்கு ஒரே குழாயிலிருந்து செல் எடுத்துப் போட்டோம். ஆறு மாதம் கழித்து ஒட்டுகளை அளந்தால் முதல் எலியில் பெரிதாக, அடுத்ததில் கொஞ்சம் சிறிதாக, பத்தாவதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. காலையிலிருந்து மாலைக்குள் செல்கள் குழாயின் அடியில் படிந்துவிட்டிருந்தன. ஊசி எடுத்ததோ முதலில் அடிப்பக்கத்திலிருந்து. இதைவிடக் கொடுமை, முதல் ஐந்து ஒரு குழு, அடுத்த ஐந்து மற்றொரு குழு. குழுவின் விளைவா, அறுவை வரிசையின் விளைவா என்று பிரிக்கவே வழியில்லை.

அதிலிருந்து எங்கள் வரிசை இப்படி மாறியது. செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, மைக்ரோலிட்டருக்கு 75,000 முதல் 1,00,000 வரை அடர்த்தியில் பனிக்கட்டியில் வைக்கிறோம். ஒவ்வொரு எலிக்கும் முன்னால் குழாயை விரலால் தட்டி, பைப்பெட்டால் மெதுவாக மேலும் கீழும் இழுத்து, புதிதாக நிரப்புகிறோம். குழுக்களைக் கலந்து அறுவை செய்கிறோம். வேலை முடிந்ததும் மிஞ்சிய செல்லில் செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரைபான் நீலச் சாயம் போட்டு எத்தனை உயிரோடு இருக்கிறது என்று மறுபடி எண்ணுகிறோம். காலை எண்ணிக்கையை விட இந்த மாலை எண்ணிக்கைதான் உண்மை பேசும்.

ஊசி முனையில் மெல்லிய கண்ணாடி நுண்குழாய் மாட்டுங்கள். தடித்த உலோக ஊசி போகும் வழியெல்லாம் கிழிக்கும். அந்தக் கிழிசலில் தழும்பு வரும். தழும்பைத் தாண்டி நார் போகாது. மண்டையோடு மட்டமாக இருக்கிறதா என்று பிரெக்மா, லாம்டா (மண்டையோட்டுத் தையல்கள் சந்திக்கும் முன், பின் புள்ளிகள்) இரண்டின் உயரத்தையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஸ்டிரையேட்டத்துக்குப் பிரெக்மாவிலிருந்து முன்னே 0.5 முதல் 1 மில்லிமீட்டர், பக்கவாட்டில் 3, மூளைச் சவ்விலிருந்து ஆழம் 5, பிறகு 4 என்று இரண்டு மட்டத்தில் வைப்பது தொடக்கத்துக்குச் சரியாக வரும். உங்கள் எலியின் எடைக்கு அது பொருந்துகிறதா என்று முதலில் இறந்த எலியில் சாயம் செலுத்தி, வெட்டிப் பாருங்கள்.

நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். செலுத்திய பின் சில நிமிடம் ஊசியை அப்படியே விடுங்கள். உடனே உருவினால் செல்கள் பாதையோடு மேலேறி, மூளையின் வெளி அடுக்கான கார்ட்டெக்ஸில் தங்கும். பிறகு 'செல்கள் கார்ட்டெக்ஸுக்கு இடம்பெயர்ந்தன' என்று யாராவது எழுதிவிடுவார்கள்.

இரண்டு கட்டுப்பாட்டுக் குழுக்கள் இல்லாமல் தொடங்க வேண்டாம்: செல் இல்லாத கரைசல் மட்டும் பெற்றவை, உறையவைத்து உருக்கிக் கொன்ற செல்களைப் பெற்றவை. செத்த செல் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்கும் விடை 9இல்.

7. காத்திருங்கள், உண்மையாகவே

மனித நியூரான் எலிக்குள் இருந்தாலும் மனித வேகத்தில்தான் முதிரும். ஆம்ஃபெட்டமின் சுழற்சி குறையவே நான்கு ஐந்து மாதம் ஆகும். ஆறாவது வாரத்தில் ஒன்றைப் பலியிட்டு 'டோபமைன் செல் குறைவு, தோல்வி' என்று முடிவு கட்டாதீர்கள். ஆறாவது வார எலி உயிர்பிழைப்பைப் பார்க்க மட்டும்.

நடத்தைச் சோதனையில் ஒரு நுணுக்கம். சுழற்சி நின்றுவிட்டது என்றால் ஒட்டு டோபமைனை வெளியிடுகிறது என்று பொருள். இணைந்துவிட்டது என்று பொருள் இல்லை. எந்த இணைப்பும் இல்லாத ஒரு டோபமைன் ஊற்றுகூட அந்தச் சோதனையில் தேறிவிடும். உருளைச் சோதனை (சுவரை எந்த முன்காலால் தொடுகிறது), முன்காலால் அடியெடுத்து வைக்கும் சோதனை என்று மருந்தில்லாத சோதனைகளையும் சேர்த்துச் செய்யுங்கள்.

8. மூளையை எடுத்தல், சீவுதல்

இதயம் வழியாக முதலில் உப்புநீர், திரும்பி வரும் நீர் தெளியும்வரை. பிறகு குளிர்ந்த 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு. கல்லீரல் வெளிறினால் ஓட்டம் சரி. ரத்தம் மிஞ்சினால் சிவப்பணுக்கள் எல்லா நிறத்திலும் ஒளிரும். ஓர் இரவுக்கு மேல் பதப்படுத்தியில் ஊறவிட்டால் சினாப்ஸ் (நியூரான்கள் செய்தி கடத்தும் சந்திப்பு) ஆன்டிபாடிகள் சரியாகப் பிடிப்பதில்லை. அடுத்து 30 சதவீத சர்க்கரைக் கரைசலில் மூளை மூழ்கும்வரை. மிதக்கும்போதே வெட்டினால் பனிப்படிகம் திசுவைச் சல்லடை ஆக்கிவிடும்.

35 மைக்ரான் தடிமனில் வெட்டி, எட்டுத் தொடர்களாகப் பிரித்துச் சேமியுங்கள். ஒரு தொடரில் அடுத்தடுத்த சீவல்களுக்கு இடையே 280 மைக்ரான் இருக்கும். 1.2 மில்லிமீட்டர் நீள ஒட்டு அந்தத் தொடரில் நான்கு சீவலில் வரும். எல்லாத் தொடரையும் ஆர்வத்தில் சாயமேற்றிவிடாதீர்கள். இரண்டையாவது உறைதடுப்புக் கரைசலில் மைனஸ் 20இல் தொடாமல் வையுங்கள்.

9. சாயமேற்றுதல்: பச்சையை நம்பாதீர்கள்

முதல் சுற்றில் மனித நியூக்ளியஸ் குறிப்பான், டோபமைன் செல்லுக்கு டைரோசின் ஹைட்ராக்சிலேஸ். இதோடு ஒட்டு எங்கே, எவ்வளவு என்று தெரியும். எண்ணும்போது சீவலின் இரு முகத்திலும் வெட்டுப்பட்ட செல்கள் இரண்டு முறை எண்ணப்படும் என்பதால் அபெர்கிராம்பி திருத்தம் வேண்டும். ஒரு தொடரில் 300 செல், நியூக்ளியஸ் விட்டம் 10 மைக்ரான் என்றால்: 300 × 8 தொடர் × 35/(35 + 10), சுமார் 1,870. திருத்தாமல் விட்டால் 2,400 என்று எழுதியிருப்பீர்கள்.

இரண்டாம் சுற்றில் டோபமைன் நியூரானின் உள்வகையைக் காட்டும் கிர்க்-2, கால்பிண்டின்; வேண்டாத நியூரானைக் காட்டும் செரோடோனின்; பிரியும் செல்லைக் காட்டும் கி-67. கடைசி இரண்டும் கெட்ட செய்தி தேடுவதற்கு. ஒட்டின் ஓரத்தில் ஜி.எஃப்.ஏ.பி. போட்டு, தழும்பு கட்டும் ஆஸ்ட்ரோசைட் செல்களின் சுவர் எழும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது பெரிய பொறி. ஒரு புதியவர் ஒட்டிலிருந்து வெகுதூரத்தில், கார்ட்டெக்ஸில், பச்சை நியூரான்கள் கிடக்கின்றன என்று பூரிப்போடு வந்தார். அதே ஸ்லைடில் எந்தச் சாயமும் போடாத அலைநீளத்தில் பார்க்கச் சொன்னேன். அங்கேயும் அதே செல்கள், அதே வடிவம். வயதான எலியின் லிப்போஃபியூசின் நிறமி அது. சாயம் போடாத ஓர் அலைநீளத்தை எப்போதும் காலியாக விட்டு அதையும் படமெடுங்கள்.

நிறமி இல்லை என்று உறுதியானாலும், பச்சை செல் ஒட்டுச் செல்தான் என்று ஆகிவிடாது. பி.ஆர்.டி.யு. போன்ற தைமிடின் போலியை (டி.என்.ஏ.வில் சேரும் அடையாளம்) ஏற்றிய செல்கள் செத்தால் அந்த அடையாளம் எலியின் பிரியும் செல்களுக்குள் போய்விடும் என்று 2006இலேயே காட்டிவிட்டார்கள். விழித்திரையில் இன்னும் சங்கடமான கதை. இணைந்துவிட்டதாக எண்ணிய ஒளியுணர் செல்களில் பெரும்பங்கு, ஒட்டிலிருந்து புரதத்தை வாங்கிக்கொண்ட விலங்கின் சொந்தச் செல்களே என்று 2016இல் சில ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டன. செல்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்வதும் உண்டு. செத்த செல் குழு இதற்குத்தான்: அங்கேயும் பச்சை தெரிந்தால் உங்கள் அடையாளம் ஒழுகுகிறது.

எனவே ஒரு செல்லை ஒட்டுச் செல் என்று எழுத மூன்றும் ஒரே செல்லில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும்: ஒளிரும் புரதம், மனித நியூக்ளியஸ் குறிப்பான், டி.என்.ஏ.வைக் காட்டும் டாப்பி சாயத்தில் ஒற்றை நியூக்ளியஸ். சுண்டெலியில் செய்தால் டாப்பியிலேயே ஓர் இலவசச் சோதனை கிடைக்கும். சுண்டெலி நியூக்ளியஸில் பளிச்சென்ற புள்ளிகள் தெரியும். மனித நியூக்ளியஸ் சீராக இருக்கும்.

நார்களுக்கு, மனிதச் செல்லை மட்டும் பிடிக்கும் என்-கேம் அல்லது ஸ்டெம்121 ஆன்டிபாடி. மனித சினாப்டோஃபைசின் (அனுப்பும் பக்கப் புரதம்) புள்ளியும் எலியின் பி.எஸ்.டி.-95 (பெறும் பக்கப் புரதம்) புள்ளியும் தொட்டுக்கொண்டிருந்தால் 'சினாப்ஸ்' என்று எழுதும் ஆசை வரும். ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டுவது சுமார் 200 நானோமீட்டர். சினாப்ஸ் இடைவெளி 20 நானோமீட்டர் அளவு. தொடுவது போலத் தெரிவதை 'நெருக்கம்' என்று மட்டும் எழுதுங்கள். சினாப்ஸ் என்று எழுத எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும், அல்லது அடுத்த இரண்டு படிகள்.

10. யார் செய்தி அனுப்புகிறார்கள்: ரேபிஸ் தடம்

ஜி புரதம் (அடுத்த செல்லுக்குத் தாவ வைரஸுக்குத் தேவையான உறைப் புரதம்) நீக்கிய ரேபிஸ் வைரஸ் தானாக அடுத்த செல்லுக்குத் தாவாது. பறவை வைரஸ் ஒன்றின் என்வ்-ஏ உறையைப் போட்டால், பாலூட்டிகளில் இயல்பாக இல்லாத டி.வி.ஏ. ஏற்பி உள்ள செல்லுக்குள் மட்டுமே நுழையும். அதனால் பொருத்தும் முன்பே செல்களில் டி.வி.ஏ., ஜி புரதம், நியூக்ளியஸில் பச்சை மூன்றையும் வைத்துவிடுகிறோம். மாதங்கள் கழித்துச் சிவப்பு ஒளிரும் வைரஸை ஒட்டுக்குள் செலுத்தினால் அது ஒட்டு நியூரானில் நுழைந்து, சினாப்ஸ் வழியே ஒரே ஒரு படி பின்னோக்கித் தாவி நிற்கும்.

பச்சையும் சிவப்பும் சேர்ந்தது தொடக்கச் செல். சிவப்பு மட்டும் உள்ள எலிச் செல் அதற்குச் செய்தி அனுப்பும் செல். ஆனால் சிவப்பு மட்டும் உள்ள மனிதச் செல்லும் இருக்கும். அது ஒட்டுக்குள்ளேயே நடக்கும் பேச்சு. பச்சை அடங்கிப்போன தொடக்கச் செல்லாகவும் இருக்கலாம். அதனால் மனித நியூக்ளியஸ் சாயம் போடாமல் ஒரு சிவப்புச் செல்லைக்கூட எண்ண வேண்டாம்.

கட்டுப்பாடுகள் இரண்டு. ஜி இல்லாத ஒட்டு: வைரஸ் நுழையலாம், தாவக் கூடாது. டி.வி.ஏ. இல்லாத ஒட்டு: எங்கும் சிவப்பே தெரியக் கூடாது. தெரிந்தால் உறை மாற்றாத வைரஸ் புட்டியில் கலந்திருக்கிறது. முடிவுகளை வெறும் எண்ணாக இல்லாமல், ஒரு தொடக்கச் செல்லுக்கு எத்தனை உள்ளீட்டுச் செல், எந்தப் பகுதியில் என்று எழுதுங்கள். ஒட்டின் அளவு எலிக்கு எலி மாறும் என்பதால் வெறும் எண்ணை ஒப்பிட முடியாது.

இந்த முறை எல்லா உள்ளீட்டையும் பிடிப்பதில்லை. இணைப்பின் வலுவையும் சொல்லாது. ஒட்டுக்கு வருவதைக் காட்டும். ஒட்டிலிருந்து போவதைக் காட்டாது.

11. பேசுகிறதா என்று கேட்டுப் பார்த்தல்

மின்பதிவுக்குச் சில வாரம் முன்பே நீல ஒளியில் நியூரானைத் தூண்டும் சேனல்ரோடாப்சின் புரதத்தின் மரபணு ஏந்திய வைரஸை எலியின் கார்ட்டெக்ஸில் செலுத்தி வையுங்கள். பிறகு 300 மைக்ரான் உயிர்ச் சீவல் எடுத்து, ஒட்டு நியூரானை மின்முனையால் பிடித்து, 470 நானோமீட்டர் நீல ஒளியைச் சில மில்லிவினாடி பாய்ச்சுங்கள். கார்ட்டெக்ஸ் நார் அந்த நியூரானோடு இணைந்திருந்தால் மின்னோட்டம் வரும். குளூட்டமேட் தடுப்பான் போட்டால் அது மறைய வேண்டும்.

நேரடி இணைப்பா, நடுவே வேறொரு நியூரான் இருக்கிறதா? டெட்ரோடோடாக்சின் போட்டு நியூரான்களின் மின்துடிப்பு எல்லாவற்றையும் அடக்கி, ஒளி பட்ட நார்முனை மட்டும் செய்தி விட உதவும் 4-அமினோபிரிடின் சேருங்கள். நேரடி இணைப்பானால் மின்னோட்டம் திரும்பி வரும். இடையாள் இருந்தால் வராது.

பிடிக்கும் செல்லுக்குள் பயோசைட்டின் என்ற தடப்பொருளை நிரப்புங்கள். பிறகு அதே செல்லை மனிதக் குறிப்பானில் சரிபார்க்க அதுதான் வழி. இளம் ஒட்டுச் செல்கள் இடைவெளிச் சந்திப்பு (செல்களை நேராக இணைக்கும் நுண்துளை) வழியாகப் பக்கத்துச் செல்களோடு ஒட்டியிருக்கும் என்பதால் பயோசைட்டின் எலிச் செல்லுக்கும் பரவலாம். அதைச் சினாப்ஸ் என்று எண்ணிவிட வேண்டாம்.

12. அணைத்துப் பாருங்கள்

நடத்தை மேம்பட்டது ஒட்டினால்தானா என்று கேட்க ஒரே நேர்வழி, ஒட்டை அணைப்பது. செல் வரிசையிலேயே, ஒளியால் நியூரானை அடக்கும் ஹாலோரோடாப்சினோ, சி.என்.ஓ. என்ற மருந்தால் அடக்கும் ஹெச்.எம்.4டி.ஐ. ஏற்பியோ வைத்திருக்க வேண்டும். 5ஆம் படியில் யோசிக்காவிட்டால் இங்கே கை கட்டி நிற்க வேண்டியதுதான். அணைத்ததும் பழைய குறை திரும்பி, விட்டதும் மறுபடி சரியானால் நடத்தை ஒட்டின் செயல்பாட்டை நம்பி நிற்கிறது. அணைத்தும் மாற்றம் இல்லையென்றால் முதலில் அணைப்பு வேலை செய்ததா என்று சீவலில் மின்பதிவால் பாருங்கள். செய்திருந்தால், ஒட்டு சுரந்த வளர்ச்சிக் காரணிகளால் எலியின் மிச்ச நியூரான்களே தேறியிருக்கலாம்.

ஹெச்.எம்.4டி.ஐ. வழி போகிறவர்கள், ஏற்பி இல்லாத ஒட்டு பெற்ற எலிகளுக்கும் அதே அளவு சி.என்.ஓ. கொடுக்க வேண்டும். சி.என்.ஓ. உடலுக்குள் குளோசபினாக மாறும். குளோசபின் தானாகவே எலியின் நடையை மாற்றும்.

சோதனை செய்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. எங்களிடம் கூண்டு அட்டையில் குழு எண்ணை எழுதிவிட்டு அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள்; வெளிச்சத்தில் எண் அப்படியே தெரிந்தது. குறியீட்டுப் பட்டியலை இப்போது வேறு ஆய்வகத்து நண்பர் ஒருவரின் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறோம். கடைசி எலியின் கடைசிக் காணொளியை எண்ணி முடித்த பிறகுதான் அதை வாங்குவோம்.